கிடைமட்ட இட ஒதுக்கீடு கோரி மனு எழுதுவது எப்படி?

திருநங்கையர், திருநம்பியர், ஆண்-பெண் என்ற இருமைக்குள் அடங்காதோர் ஆகியோரின் உரிமைக்காகக் களமிறங்கும் இளைஞர்கள், மனுவின் தொடக்கத்திலேயே கிடைமட்ட இட ஒதுக்கீடு, அதாவது ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் தனிப் பங்கு, வேண்டும் என்ற கோரிக்கையை ஒரே வாக்கியத்தில் எழுதிவிட வேண்டும். அடுத்து, இவர்களைச் சமூகரீதியாகவும் கல்விரீதியாகவும் பின்தங்கிய வகுப்பினராகக் கருதி இட ஒதுக்கீடு வழங்குமாறு 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசுகளுக்கு ஆணையிட்டதைச் சுட்டிக்காட்டுங்கள்.

மனுவின் உயிர்நாடி இதற்கு அடுத்த பகுதியே. அதை அவசரமாக எழுதிவிடாதீர்கள். எல்லாரையும் ஒரே பிற்பட்டோர் பட்டியலில் சேர்த்தால், பட்டியல் சாதியில் பிறந்த திருநங்கை ஒருவர் சாதியால் வந்த உரிமை, பாலினத்தால் வந்த உரிமை ஆகிய இரண்டில் ஒன்றை இழக்க நேரிடும் என்பதையும், ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் தனிப் பங்கு ஒதுக்கும் கிடைமட்ட முறையே அந்த அநீதியைத் தடுக்கும் என்பதையும் விளக்குங்கள். தலித் திருநங்கைச் செயற்பாட்டாளர் கிரேஸ் பானு போன்றோர் பல்லாண்டுகளாக வலியுறுத்திவருவதும் இதைத்தான். கர்நாடக அரசு 2021இல் தன் பணிகளில் 1 விழுக்காட்டை இம்முறையில் ஒதுக்கியது என்பது வலுவான முன்னுதாரணம்.

பாதிக்கப்பட்டவரின் அனுபவத்தைச் சேர்ப்பதானால், அவருடைய ஒப்புதல் கட்டாயம். ஒருவரின் பாலின அடையாளத்தை வெளிப்படுத்தும் உரிமை அவருக்கு மட்டுமே உண்டு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவை அளித்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டுப் பெறுங்கள்.