திருகோணமலையில் நாயை அவிழ்த்துவிட அடைப்புள்ள இடம் தேடுவது எப்படி

எங்கள் ஜிம்மி கலப்பினப் பெட்டை, 18 கிலோ. சங்கிலி போட்டு உவர்மலைப் பக்கம் அரை மணித்தியாலம் நடத்திக்கொண்டு வந்தாலும், கேற்றைத் திறந்ததும் வளவுக்குள் பத்துச் சுற்று ஓடித்தான் படுப்பாள். நாய்க்கு நடை வேறு, ஓட்டம் வேறு. முழு வேகத்தில் ஓடி, சடாரென்று திரும்பி, மூக்குப் போன போக்கில் மண்ணைக் கிளறினால்தான் அதன் மனம் ஆறும். அந்த ஓட்டத்துக்குப் பாதுகாப்பான இடத்தை எப்படித் தேடுவது என்பதைத்தான், முதல் நாய் வளர்க்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

வெளிநாடுகளில் இதற்கென்றே நாய்ப் பூங்காக்கள் உண்டு. அமெரிக்காவில் பேர்க்லி நகரில் 1979இல் ஒன்று தொடங்கினார்கள். பிறகு பல நகரங்களுக்கும் பரவியது. சுற்றிவர வலைக்கம்பி வேலி, வாசலில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு கேற், சிறிய நாய்களுக்குத் தனிப் பகுதி, தண்ணீர், நிழல். இந்த அமைப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பெயரைக் கூகுள் மப்பில் அடித்து நாளைப் போக்க வேண்டாம். நமது ஊரில் தேட வேண்டியது பூங்கா இல்லை. மதிலோ வேலியோ ஒழுங்காக இருந்து, உரிமையாளர் சம்மதிக்கிற காணி.

முதல் படி: எங்கே விடக்கூடாது என்று முடிவு செய்யுங்கள்

பிரட்றிக் கோட்டைக்குள் வேண்டவே வேண்டாம். உள்ளே இராணுவ முகாம் இருக்கிறது, கோணேசர் கோயிலுக்கு அடியார்கள் நடக்கிற வழியும் அதுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, புள்ளிமான்கள். மான் ஓடினால் சாதுவான நாயும் துரத்தும். மிரண்டு ஓடிய மான், உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல் பிறகு செத்துப்போவதும் உண்டு. கோட்டைக்கு வெளியே நகருக்குள்ளும் அவை மேய்வதால், தெருவில் சங்கிலியைக் கழற்றும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

டச்சுக் குடாவும் உப்புவெளிக் கரையும் விரிந்து கிடப்பதைப் பார்த்தால் ஆசை வரும். எனக்கும் வரும். ஆனால் கடற்கரையில் அடைப்பு இல்லை. அதோடு மணலுக்குள் தூண்டில் முள்ளும் அறுந்த வலைத்துண்டும் கிடக்கும். இன்னும் பெரிய ஆபத்து பேத்தை மீன். வலையில் பட்டுக் கழித்து எறிந்தது கரையில் காய்ந்து கிடந்தாலும் அதன் நஞ்சு போகாது. நாய் தின்றால் தசைகள் செயலிழந்து மூச்சு நின்றுவிடும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. கரைக்குப் போவதென்றால் சங்கிலியோடு மட்டும் போங்கள்.

விளையாட்டு மைதானங்களைச் சுற்றி மதில் இருக்கலாம், ஆனால் அவை பிள்ளைகளுக்கானவை. நாய் மலத்திலிருந்து வருகிற கொக்கிப்புழு வெறுங்கால் தோலுக்குள் புகுந்துவிடும்.

இரண்டாம் படி: நாயைத் தயார்ப்படுத்துங்கள்

விசர்நாய்த் தடுப்பூசியும், பார்வோ, எலிக்காய்ச்சல் போன்றவற்றுக்கான ஊசிகளும் முடியாமல் மற்ற நாய்கள் வந்துபோகிற இடத்துக்குக் குட்டியைக் கொண்டுபோகாதீர்கள். மிருக வைத்தியர் தருகிற தடுப்பூசி அட்டையைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். காணிக்காரரிடம் காட்ட உதவும். உண்ணி மருந்தையும் அப்போதே கேட்டு வாங்குங்கள்.

கூப்பிட்டால் வருகிற பழக்கத்தை வீட்டு வளவிலேயே உண்டாக்க வேண்டும். அவித்த கோழி ஈரலைச் சின்னத் துண்டுகளாக வெட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஒரே சொல்லால் கூப்பிடுங்கள். வந்தால் ஒரு துண்டு. பிந்தி வந்தாலும் ஏசக் கூடாது. வந்ததற்கு ஏச்சு வாங்கிய நாய் அடுத்த முறை வர யோசிக்கும்.

மூன்றாம் படி: இடங்களைப் பட்டியல் போடுங்கள்

கூகுள் மப்பில் செய்மதிப் படத்தைத் திறந்து, வீட்டிலிருந்து ஓட்டோவில் பத்து நிமிடத்துக்குள் போகக்கூடிய வட்டத்தைப் பாருங்கள். கட்டடம் இல்லாத சதுரத்தைச் சுற்றி நேரான மெல்லிய கோடு தெரிந்தால் அது பெரும்பாலும் மதில். நான்கைந்து இடங்களைக் குறித்துக்கொண்டு, பிறகு நேரில் போய்ப் பாருங்கள்.

இரண்டு வகை இடங்களில்தான் எனக்கு நம்பிக்கை. ஒன்று, வெளிநாட்டில் இருப்பவர்களின் காணி. மதில் கட்டி, கேற் போட்டுப் பூட்டி, சாவியை அயலில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். மற்றது, உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விருந்தினர் விடுதிகளின் தோட்டம். நமது கரையில் உல்லாசப் பயணிகள் கூடுதலாக வருவது மே முதல் செப்டம்பர் வரை. மழைக்காலத்தில் பல விடுதிகள் வெறுமையாகக் கிடக்கும். அப்போது கேட்டால் சம்மதம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

பெயர்ப்பலகை இல்லாத வெறுங்காணி, கடற்படை, விமானப்படை எல்லைக்கு அருகிலுள்ள காணி இரண்டையும் பட்டியலிலிருந்து வெட்டிவிடுங்கள்.

நான்காம் படி: வேலியைச் சுற்றி நடந்து பாருங்கள்

இதை மட்டும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். நாயை வீட்டில் விட்டுவிட்டு, ஒரு தடியும், தண்ணீர் இல்லாத ஒன்றரை லீற்றர்ப் போத்தலும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு முறை உள்ளால், ஒரு முறை வெளியால் முழுச் சுற்று.

நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஒரு மார்கழி மாதம் ஜிம்மியைத் தொலைத்துவிட்டேன். தெரிந்த ஒருவரின் காணி, ஆறடி மதில், இரும்புக் கேற். முதல் நாள் பெய்த மழை கேற்றின் கீழே வாய்க்கால் போல மண்ணை அரித்துக்கொண்டு போயிருந்தது. நான் மதிலின் உயரத்தைத்தான் பார்த்தேன், நிலத்தைப் பார்க்கவில்லை. தலையைத் தட்டையாக வைத்து, வயிற்றை மண்ணோடு தேய்த்து, நான் ஓடிப்போவதற்குள் வாலும் வெளியே போய்விட்டது. ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பிறகு பிரதான வீதியோரம் நிறுத்தியிருந்த லொறிக்குக் கீழே நடுங்கிக்கொண்டு படுத்திருந்தாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டும் வெளியே வரவில்லை. நானே கீழே படுத்துத்தான் கழுத்துப்பட்டியைப் பிடித்தேன்.

நாயின் தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். அதனால் போத்தலைப் படுக்கவைத்துக் கேற்றின் கீழும் வேலியின் கீழும் உருட்டிப் பாருங்கள். அது போகிற இடைவெளியால், மண்ணைக் கொஞ்சம் கிளறிவிட்டு, நடுத்தர நாய் போய்விடும். அங்கே கல்லை அடுக்குங்கள், அல்லது பலகையை மண்ணில் புதையுங்கள்.

உயரம் நான்கடிக்குக் குறைந்தால் வேண்டாம். அல்சேஷன் போன்ற பெரிய நாய்க்கு ஆறடி நல்லது. மதிலோடு ஒட்டிக் கிடக்கிற கல்குவியல், விறகு, சாய்ந்த மரம் எல்லாம் நாய்க்கு ஏணி. முட்கம்பி வேலியை நான் அடைப்பாகவே எண்ணுவதில்லை. கம்பிகளுக்கு நடுவால் பாய்கிற நாயின் முதுகு கிழியும். கிடுகு வேலியும் கதியால் வேலியும் பார்வைக்கு அடர்த்தி, ஆனால் அடியில் ஓட்டை இருக்கும்.

பிறகு உள்நிலம். முதலில் கிணறு. கட்டில்லாத பாழ்கிணறு பற்றைக்குள் மறைந்திருந்தால் அந்தக் காணியே வேண்டாம். உடைந்த போத்தல், நெருஞ்சி முள், பாம்பு பதுங்கும் ஓலைக் குவியல் இவற்றைத் தடியால் தட்டிப் பாருங்கள். ஒரு வேம்பாவது நிழலுக்கு இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: கேட்டு அனுமதி வாங்குங்கள்

சாவி வைத்திருப்பவரோடு நேரில் கதையுங்கள். நான் இப்போது போகிற காணியைப் பார்க்கிற ஐயா முதலில் மறுத்தார்.

“நாயை உள்ளுக்க விட்டா மாங்கண்டெல்லாம் கிண்டிப்போடும், பிள்ளை.”

“கண்டுகளைச் சுத்தி நானே வலை அடிச்சுத் தாறன் ஐயா. புல்லும் செருக்கித் தாறன்.”

ஏழு கன்று இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழுக்கும் வலை அடித்தேன். பிறகு அவரே வெளிநாட்டிலிருக்கும் உரிமையாளரோடு போனில் கதைத்து அனுமதி வாங்கித் தந்தார். எந்த நாள், எத்தனை மணி, எத்தனை நாய் என்பதை அப்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

அயலவரிடமும் ஒரு சொல் சொல்ல வேண்டும். முஸ்லிம் அயலவர்களுக்கு நாயின் எச்சில் பட்டால் கழுவிச் சுத்தம் செய்தபின்தான் தொழ முடியும். ஆகவே பள்ளிவாசல் வழியில் காணி இருந்தால் தொழுகைக்குப் போகிற நேரத்தைத் தவிர்த்து, சங்கிலியைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு போங்கள்.

ஆறாம் படி: முதல் நாள்

காலை ஆறு மணிக்குப் போங்கள். கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் எட்டு மணிக்கே மண் சுடத் தொடங்கும். புறங்கையை ஏழு விநாடி மண்ணில் வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது.

கேற்றைப் பூட்டிய பிறகுதான் சங்கிலியில் கை வைக்க வேண்டும். இரண்டு கேற் நமக்குக் கிடைக்காது. அதனால் நான் கேற்றுக்கு உட்புறம் நான்கு கதியால் நட்டு, இடுப்பளவு வலை கட்டி ஒரு சின்னக் கூடு செய்து வைத்திருக்கிறேன். யாராவது கேற்றைத் திறந்தாலும் ஜிம்மி அந்த வலையைத் தாண்டுவதற்குள் பிடித்துவிடலாம்.

முதல் இரண்டு மூன்று நாளும் முப்பதடி நீளக் கயிற்றோடு ஓடவிடுங்கள். கயிறு நிலத்தில் இழுபடட்டும், தேவைப்பட்டால் மட்டும் மிதியுங்கள். இடையிடையே கூப்பிட்டு ஈரல் கொடுத்துவிட்டுத் திரும்ப ஓடவிடுங்கள். கூப்பிட்டால் விளையாட்டு முடிந்தது என்று அது எண்ணக் கூடாது. வேறொருவரின் நாய் வந்தால் முதலில் வேலிக்கு இரு பக்கமும் நின்று மோப்பம் பிடிக்கட்டும். அந்த நேரம் பந்தும் தீனும் வெளியே எடுக்க வேண்டாம், சண்டை அதிலிருந்துதான் தொடங்கும். யாரையாவது கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தடுப்பூசி போட்ட நாய்தானே என்று இருந்துவிடாதீர்கள்.

போகும்போது மலத்தைப் பையில் அள்ளி, நாய் கிளறிய குழியைக் காலால் மூடி, பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். மழை பெய்த மறுநாள் போனால், அவிழ்க்க முன் போத்தலோடு இன்னொரு சுற்று நடக்க வேண்டும்.