முகத்துக்கு மூலிகைப் பொடி: நான் செய்த தவறுகளையே இன்னும் செய்கிறார்கள்

சென்ற மாதம் பக்கத்து வீட்டு அக்கா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிற பெண். இடக் கன்னத்தில் கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரை, காபி சிந்திக் கறை பிடித்த மாதிரி ஒரு கருமை. வலக் கன்னம் எப்போதும்போலத் தெளிவாக இருந்தது.

“வெயில்ல கறுத்துட்டா. அதுக்குத்தான் தினமும் பொடி போட்டுவிடுறேன். கூடுதே தவிர குறையல” என்றார் அக்கா.

பொடியை எடுத்துவரச் சொல்லி முகர்ந்து பார்த்தேன். அந்தக் காரமான நெடி வந்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. இருபது வருடங்களுக்கு முன் என் முகத்தில் நடந்ததுதான் இவளுக்கும் நடந்திருக்கிறது.

நான் வைத்தியர் இல்லை. வீட்டில் பொடி அரைத்து, உறவிலும் தெருவிலும் கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவருகிறேன். அவர்கள் என்னென்ன செய்து முகத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்பதும் என் காதுக்கு வந்துவிடும். கண்ணில் படாமல் பூசுவது, பூசுமுன் கை கழுவுவது இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரியாமல் போவதால் கெடுகிறவற்றை மட்டும் எழுதுகிறேன்.

காய்ந்து வெடிக்கும் வரை விட்டுவைப்பது

முகம் இறுக இறுகப் பொடி நன்றாகப் பிடிக்கிறது என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சிரித்தால் விரிசல் விடும் அளவுக்குக் காயவிட்டு, பிறகு வறட்டுவறட்டென்று தேய்த்து உதிர்ப்பேன். மாவு காயும்போது தோலின் ஈரத்தையும் இழுத்துக்கொள்கிறது. அதை உலர்ந்தபடியே தேய்த்தால் மேல்தோல் உரசிச் சிவக்கிறது.

இதைப் பழைய ஆயுர்வேத நூலே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம், சூத்திரஸ்தானம் 22ஆம் அத்தியாயத்தில் முகலேபம், அதாவது முகப்பூச்சு பற்றி வருகிறது. பூச்சு ஈரமாக இருக்கும்வரைதான் முகத்தில் இருக்க வேண்டும். காய்ந்தால் தோலின் நிறத்தைக் கெடுக்கும். நனைத்துத்தான் எடுக்க வேண்டும். எடுத்த பின் எண்ணெய் தடவ வேண்டும். பூச்சின் கனம்கூட அங்கே சொல்லப்படுகிறது: கால் அங்குலம், மூன்றில் ஒரு பங்கு, அரை அங்குலம் (இங்கே அங்குலம் என்பது விரல் அகலம், இஞ்ச் இல்லை). நாம் பவுடர் மாதிரி மெல்லிசாகத் தடவுகிறோம். மின்விசிறிக்குக் கீழே அது மூன்று நிமிடத்தில் காய்ந்துவிடும்.

குழைவாகக் கலந்து, கொஞ்சம் கனமாகப் பூசுங்கள். ஓரம் வெளுக்கத் தொடங்கியதும் தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, வழித்தெடுங்கள்.

அதே இடத்தில் பூச்சு போட்டவர் தவிர்க்க வேண்டியவையும் வரிசையாக வருகின்றன: பகல் தூக்கம், பேச்சு, நெருப்பு, வெயில், துயரம், கோபம். இதில் வெயில் என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கார்போகரிசியும் வெயிலும்

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நலங்கு மாவுக்கு யாரிடம் பட்டியல் கேட்டாலும் பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா இதழ் என்று சொல்லிக்கொண்டே வந்து, நடுவில் கார்போகரிசியையும் சேர்த்துவிடுவார்கள். பெயரில் அரிசி இருக்கிறதே தவிர அது அரிசி இல்லை. கறுப்பாக, சற்றுத் தட்டையாக, கையில் பிசுபிசுக்கிற சிறிய விதை. வடமொழியில் பாகுசி என்பார்கள். தாவரப் பெயர் சோராலியா கோரிலிஃபோலியா.

சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் இதை முக்கியமாக வெண்புள்ளிக்குத் தருகிறார்கள். மருந்தைத் தடவி, அளவாக வெயில் காட்டச் சொல்வார்கள். விதையில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது. அது தோலுக்குள் இறங்கிச் சும்மா கிடக்கும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டதும் விழித்துக்கொண்டு தோல் செல்களின் மரபுப்பொருளோடு பிணைந்துவிடும். செல்கள் அடிபடும், தோல் அழலும், அதையடுத்து நிறமி கூடுதலாகச் சுரக்கும். நவீன மருத்துவமும் இந்த வழியைப் பயன்படுத்துகிறது: சோராலென் கொடுத்து, கதிரை அளந்து காட்டி, கண்ணை மூடிப் பாதுகாத்து, சிகிச்சை முடிந்த பிறகு வெயிலில் போகாதே என்று சொல்லி அனுப்புவார்கள்.

அதாவது நிறம் இல்லாத இடத்தில் நிறத்தை வரவழைக்கத் தருகிற மருந்து இது. அதை நிறம் வெளுக்க வேண்டும் என்ற ஆசையில் முகம் முழுக்கப் பூசிக்கொண்டு வெயிலில் கிளம்புகிறோம்.

எனக்கு அப்போது 24 வயது. என் சொந்த அக்காவின் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. தினமும் காலை ஏழு மணிக்குப் பொடியைப் பூசி, கழுவிவிட்டு, எட்டு மணிக்குப் பேருந்து ஏறுவேன். எப்போதும் சன்னலோர இருக்கைதான். முதல் வாரம் லேசான எரிச்சல். “எரிஞ்சா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்” என்று சொன்னார்கள், நம்பினேன். இரண்டாம் வாரம் வலக் கன்னம் சிவந்து தடித்தது. பிறகு சிவப்பு வடிந்து, அந்த இடம் கறுத்தது. கறுத்ததைப் பார்த்துப் பயந்துபோய் பொடியை இரண்டு வேளை ஆக்கினேன். கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு நிற்கிறேன். அந்தக் கருமை மறைய எட்டு மாதம் ஆனது.

தோல் மருத்துவரிடம் போனபோது அவர் முதலில் கேட்ட கேள்வி, “பேருந்தில் எந்தப் பக்கம் உட்காருவீர்கள்?”

இந்தத் தவறு இவ்வளவு பேரை ஏமாற்றுவதற்குக் காரணம் அது வருகிற விதம். பூசிய உடனே ஒன்றும் தெரியாது. வெயில் பட்டு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் சிவப்பு ஏறும், அதற்குப் பிறகுதான் கருமை. அதற்குள் பொடியை நாம் மறந்துவிடுகிறோம், வெயில் மட்டும் ஞாபகம் இருக்கிறது. வெயிலால் கறுத்துவிட்டது என்று முடிவுகட்டி, கருமை போக அதே பொடியை இன்னும் கூடுதலாகப் பூசுகிறோம். அக்கா மகள் விஷயத்திலும் அதுதான் நடந்தது. அம்மா பாசத்தோடு குழைத்துப் போட்ட ஒவ்வொரு பூச்சும் கருமையைக் கூட்டியிருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. “இயற்கைதானே, என்ன பண்ணிடப் போகுது” என்று சொல்லிப் பட்டியலை நீட்டுகிறவர்கள், அந்த விதையை வைத்தியர் எதற்குத் தருகிறார் என்று ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும்.

கழுவிவிட்டால் போயிற்று என்று இருக்க முடியாது. தோலுக்குள் இறங்கியது மணிக்கணக்கில் அங்கேயே இருக்கும். காருக்குள் இருந்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. இந்தக் கதிரில் கணிசமான பங்கு சாதாரணக் கண்ணாடியைத் தாண்டி வரும்.

என் முடிவு இதுதான்: முகப்பொடியில் கார்போகரிசியே வேண்டாம். கொஞ்சமாகவும் வேண்டாம், ராத்திரிக்கு மட்டும் என்றும் வேண்டாம். அதை எடுத்துவிட்டால் பொடியில் குறை எதுவும் வராது. எண்ணெயையும் அழுக்கையும் எடுப்பது பயறு. மணம் தருவது கிழங்கும் வேரும் பூவும். வெண்புள்ளிக்காக வைத்தியர் தந்திருந்தால் அது வேறு, அவர் சொன்ன அளவிலும் நேரத்திலும் போடுங்கள். கடைப்பொடி என்றால் பின்பக்கம் பாகுசி, பாவஞ்சி, கார்போகி என்ற பெயர்களில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது பாகுச்சியோல் (bakuchiol) என்று ஒரு சீரம் விற்கிறது. “அதுவும் இந்த விதைதானே, அதையே அரைத்துப் போடலாமே” என்று கேட்கிறார்கள். அது இந்த விதையிலிருந்து பிரித்தெடுத்த வேறொரு பொருள், சோராலென் இல்லை. முழு விதையை அரைத்தால் இரண்டும் சேர்ந்தே வரும்.

ஏற்கெனவே பூசிச் சிவந்திருந்தால் பொடியை அன்றே நிறுத்துங்கள். குடை, துப்பட்டா, சன்ஸ்கிரீன் எது முடிகிறதோ அதை வைத்து வெயிலை மறையுங்கள். கொப்புளம் வந்தால் தோல் மருத்துவரிடம் போங்கள். அதன் மேல் கற்றாழை, தயிர் என்று எதையும் அப்ப வேண்டாம்.

எலுமிச்சைச் சாற்றில் குழைப்பது

வேண்டாம். அதிலும் சோராலென் குடும்பத்துப் பொருள் இருக்கிறது, அமிலம் வேறு.

கால் மணி நேரத்தில் முடித்துவிடும் சோதனை

முழங்கையின் உட்புறம் தடவி, பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டு, “ஒண்ணும் ஆகல” என்று முகத்தில் பூசிவிடுகிறார்கள். ஒவ்வாமை அவ்வளவு சீக்கிரம் தெரியாது. இரண்டு நாள் கழித்து, சிலருக்கு மூன்றாம் நாள்தான் அரிப்பும் தடிப்பும் வரும். கோஷ்டம், சந்தனம் போன்ற மணப்பொருள்கள் சேர்ந்த பொடியில் இது நடப்பதுண்டு. குறைந்தது 48 மணி நேரம் பொறுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. கையின் உட்புறம் வெயிலே படாத இடம். கார்போகரிசி கலந்த பொடி அந்தச் சோதனையில் எளிதாகத் தேறிவிடும்! அதனால் சோதித்துவிட்டேன் என்ற தைரியம் அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் உதவாது.

கஸ்தூரி மஞ்சள் என்று கொடுத்ததையெல்லாம் வாங்குவது

உண்மையான கஸ்தூரி மஞ்சளை உடைத்தால் உள்ளே வெளிர் நிறமாக இருக்கும், கற்பூரம் போல மணக்கும், தோலில் மஞ்சளாகப் பிடிக்காது. முகம் மஞ்சளாகிறது என்றால் உங்களுக்குக் கிடைத்தது சமையல் மஞ்சளோ வேறு ஏதோ கிழங்கோதான். தூளாக வாங்கினால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. கிழங்காக வாங்கி, ஒரு துண்டை உடைத்துப் பார்த்துவிட்டு அரைக்கக் கொடுங்கள். அரைத்த பிறகு மெல்லிய துணியில் சலியுங்கள். உடம்புக்கு ஆகிற கொரகொரப்பு முகத்துக்கு ஆகாது.

பருவின் மேல் தேய்ப்பது

சீழ் உடைந்து எரிச்சல் பக்கத்திலும் பரவும். பரு இருக்கும் வரை பொடியைத் தள்ளிவையுங்கள்.

மருத்துவர் தந்த களிம்போடு சேர்த்துப் போடுவது

பருவுக்கோ கரும்புள்ளிக்கோ தோல் மருத்துவர் இரவில் தடவ ஒரு களிம்பு தந்திருப்பார். ரெட்டினாய்டு வகைக் களிம்பாக இருந்தால் அது மேல்தோலைச் சீக்கிரம் உதிரவைக்கும். அந்த நாட்களில் தோல் ஏற்கெனவே உலர்ந்து, தொட்டால் எரிகிற நிலையில் இருக்கும். அதன் மேல் பொடியைத் தேய்த்துவிட்டு, களிம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று மருந்தை நிறுத்திய இரண்டு பேரை எனக்குத் தெரியும். இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். என்ன பூசுகிறீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நான் டப்பாவையே எடுத்துக்கொண்டு போனதால்தான் என் விஷயம் பிடிபட்டது.

ஈரக் கரண்டி

டப்பாவுக்குள் போனால் பூஞ்சணம்தான். குழைத்து மீந்ததையும் எடுத்துவைக்காதீர்கள்.

அக்கா மகள் பொடியை நிறுத்தி ஐந்து வாரம் ஆகிறது. நேற்றுப் பார்த்தேன். கருமையின் ஓரம் மங்கத் தொடங்கியிருக்கிறது, நடுவில் இன்னும் அப்படியே இருக்கிறது. கல்லூரிப் பேருந்தில் சன்னலோரத்தை விட்டு உள்பக்கம் மாறி உட்காருகிறாளாம். மீதமிருந்த அந்தப் பொடியை அக்கா என்னிடமே கொடுத்து, கொட்டிவிடச் சொன்னார்.