மூன்றாவது திரை ஏன் எரியவில்லை?

என் மடிக்கணினி 2011 வாக்கில் வந்த இரண்டாம் தலைமுறை இன்டெல் ஐ5 சில்லில் ஓடுவது. எச்டிஎம்ஐயில் ஒரு மானிட்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. பழைய மானிட்டர் ஒன்று சும்மா கிடந்ததால் அதை விஜிஏவில் செருகினேன். விண்டோஸ் அதைக் கண்டுகொண்டது, 3 என்று எண்ணும் போட்டது. ஆனால் 'நீட்டி' (Extend) என்று கொடுத்தால் திரை ஒரு கணம் கறுத்து, ஒரு பிழைச் செய்தியோடு பழையபடி வந்துவிடும்.

கேபிளை மாற்றினேன். டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். அப்புறம் எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் வாங்கினேன், அது தண்டச் செலவு. ஒரே படத்தை இரண்டிலும் காட்டும், அவ்வளவுதான். இப்படியே மூன்று நாள் போனது.

விஷயம் அந்தப் பிழைச் செய்தியிலேயே இருந்தது. 'அமைப்பைச் சேமிக்க முடியவில்லை' என்பதோடு வாசிப்பை நிறுத்தியிருந்தேன். அடுத்த வரி, 'வேறு சேர்க்கையை முயலுங்கள்'. அந்தத் தலைமுறைச் சில்லின் உள்கிராபிக்ஸ், அதாவது திரைக்குப் படம் அனுப்பும் பகுதி, ஒரு நேரத்தில் இரண்டு திரைகளைத்தான் ஓட்டும். மடிக்கணினியின் சொந்தத் திரையும் அந்தக் கணக்கில் சேர்த்தி!

சரி என்று 1-ஆம் எண்ணான மடிக்கணினித் திரையைத் துண்டித்து, 3-ஐ நீட்டினேன். உடனே எரிந்தது. மூடியைச் சாத்தினால் உறங்கிவிடாதபடி பவர் அமைப்பில் 'எதுவும் செய்யாதே' என்று வைத்தேன். அது பேட்டரிக்குத் தனி, சார்ஜருக்குத் தனி. முதலில் பேட்டரிக்கு மட்டும் மாற்றிவிட்டு இன்னொரு அரை மணி நேரம் முழித்தேன்.

மூன்று திரையும் வேண்டுமென்றால் யூஎஸ்பி வழியாகவே திரைக்குப் படம் அனுப்பும் டிஸ்ப்ளேலிங்க் வகை அடாப்டர் வேண்டும். எனக்கு இரண்டு போதும்.