வூஃபர் எங்கே, கிராஸ்ஓவர் எத்தனையில்? பலகை அறுக்கும் முன் முடிவு செய்யுங்கள்

வீட்டில் முதல்முறை ஸ்பீக்கர் செய்பவர்கள் பெரும்பாலும் பெட்டியை அடித்து முடித்துவிட்டு, அப்புறம்தான் கிராஸ்ஓவரைப் பற்றி, அதாவது தாழ்ந்த ஸ்வரங்களைப் பெரிய ஸ்பீக்கரான வூஃபருக்கும் உயர்ந்தவற்றைச் சின்ன ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் சர்க்யூட்டைப் பற்றி, யோசிக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். வூஃபர் அடியில், ட்வீட்டர் உச்சியில், நடுவே ஒரு சாண் இடைவெளி. உட்கார்ந்து கேட்டால் பாடகரின் குரல் ஒரு மாதிரி, எழுந்து நின்றால் வேறு மாதிரி. வூஃபரை எங்கே வைப்பது, எத்தனை ஹெர்ட்ஸில் ஒலியைப் பிரிப்பது என்ற இரண்டும் உண்மையில் ஒரே முடிவு.

6.5 அங்குல வூஃபர், 1 அங்குல டோம் ட்வீட்டர், இரண்டும் 8 ஓம் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் அட்டை. பழைய காலண்டர் அட்டையில் பெட்டியின் முகப்பை நிஜ அளவில் வரையுங்கள். இரண்டு யூனிட்டையும் விளிம்போடு விளிம்பு ஒட்டி வைத்து, மையத்துக்கு மையம் அளந்து பாருங்கள். வூஃபர் ஃப்ரேம் 16.5 செ.மீ., ட்வீட்டர் தட்டு 10.4 செ.மீ. என்றால் சுமார் 13.5 செ.மீ. வரும். கிராஸ்ஓவர் புள்ளியில், அதாவது ஒலியைப் பிரிக்கும் ஸ்வரத்தில், இரண்டும் சேர்ந்தே பாடுகின்றன. இடைவெளி அந்த ஸ்வரத்தின் அலைநீளத்தைத் தாண்டினால், தலையைக் கொஞ்சம் உயர்த்தினாலே ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். ஒலியின் வேகம் நொடிக்கு 34,300 செ.மீ.; அதை 13.5-ஆல் வகுத்தால் 2,540. அதாவது 2,500 ஹெர்ட்ஸில் பிரிக்கலாம்.

இந்த எண்ணை இரண்டு பக்கமும் சோதியுங்கள். ட்வீட்டரின் ரெசனன்ஸ் (அது இயல்பாகவே அதிரும் ஸ்வரம்) 1,000 ஹெர்ட்ஸ் என்றால் அதன் இரு மடங்குக்குக் கீழே இறங்கக் கூடாது. வூஃபர் கோனின் விட்டம் சுமார் 13 செ.மீ.; 2,600 ஹெர்ட்ஸுக்கு மேல் அதன் ஒலி டார்ச் வெளிச்சம்போலக் குவிந்துவிடும். 2,500 இரண்டுக்கும் நடுவில் உட்கார்கிறது. நல்லது.

அடுத்து, உயரமும் சுவரும். ட்வீட்டர் உட்கார்ந்தவர் காது மட்டத்தில், வூஃபர் அதன் கீழே. வூஃபரிலிருந்து பின்சுவர் 50 செ.மீ. தள்ளியிருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி நேர் ஒலியோடு மோதி, 170 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி குறைந்து ஒரு பள்ளம் விழும். ஆண் குரலின் கனம் அங்கேதான் இருக்கிறது. தரை, பின்சுவர், பக்கச்சுவர் மூன்றும் ஒரே தூரத்தில் அமைந்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும். அதனால் தூரங்களை வெவ்வேறாக வையுங்கள்.

இப்போது கிராஸ்ஓவர். ஆக்டேவுக்கு (ஸ்வரம் இரட்டிக்கும் அல்லது பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) ஒலியை 6 டெசிபல் குறைக்கும் வகைக்கு ஒரு 0.5 மில்லி ஹென்றி காயிலும் 8 மைக்ரோ ஃபாரட் கண்டன்சரும் போதும். மலிவுதான், ஆனால் தாழ்ந்த ஸ்வரங்கள் ட்வீட்டருக்குள் நிறைய கசியும். நான் ஆரம்பநிலையினருக்குச் சொல்வது, இன்னும் வேகமாகக் குறைக்கும் 12 டெசிபல் லிங்க்விட்ஸ்-ரைலி என்ற வகை. வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் தனித்தனியே 1 மில்லி ஹென்றி காயில் ஒன்று, 4 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர் ஒன்று. வூஃபருக்குக் காயில் வரிசையில், கண்டன்சர் குறுக்கே, அதாவது அதன் பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவே. ட்வீட்டருக்கு அப்படியே மாற்றி. ட்வீட்டரின் பிளஸ் மைனஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், மறக்காதீர்கள்.

கண்டன்சர் நான்-போலார் (பிளஸ் மைனஸ் பக்கம் இல்லாத) வகையாக இருக்கட்டும். இரண்டு காயிலையும் தள்ளி வைத்து, ஒன்றைப் படுக்கவும் மற்றதை நிற்கவும் வையுங்கள். இல்லாவிட்டால் ஒன்றின் காந்தப்புலம் மற்றதில் ஏறும்.

இந்தக் கணக்கு வூஃபர் எப்போதும் 8 ஓம் என்று நம்புகிறது. ஆனால் ஸ்வரம் ஏற ஏற வூஃபரின் ஓம் ஏறும். அதைச் சமன்செய்ய, ஒரு ரெசிஸ்டரையும் கண்டன்சரையும் வரிசையாகச் சேர்த்து வூஃபரின் குறுக்கே போடுங்கள். மல்டிமீட்டரில் வூஃபர் 6 ஓம் காட்டினால் ரெசிஸ்டர் 7.5 ஓம், வூஃபருக்குள் இருக்கும் வாய்ஸ் காயில் 0.5 மில்லி ஹென்றி என்றால் கண்டன்சர் சுமார் 9 மைக்ரோ ஃபாரட்.

கடைசியாகக் காதால் ஒரு சோதனை. போனில் 2,500 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, ஒரு மீட்டர் தள்ளி ட்வீட்டர் மட்டத்தில் உட்காருங்கள். ட்வீட்டர் ஒயரை நேராகவும் திருப்பியும் மாட்டிப் பாருங்கள். ஒரு நிலையில் ஒலி சட்டென்று அமுங்க வேண்டும். எவ்வளவு ஆழமாக அமுங்குகிறதோ அவ்வளவு நன்றாக இரண்டும் பொருந்தியிருக்கின்றன. சரியாக அமுங்கும்வரை கிராஸ்ஓவர் போர்டு பெட்டிக்கு வெளியிலேயே இருக்கட்டும். பிறகு ஒயரை அமுங்காத நிலைக்கு மாற்றி, போர்டை உள்ளே திருகுங்கள்.