சார்புகளை ஒரே ஜாரில் கட்டிவிடுங்கள்

ஒரு நிரல் நூலகத்தின் (லைப்ரரி) பிழையைத் தனியே பிரித்துக் காட்ட இருபது வரி ஜாவா போதும். ஆனால் அந்த இருபது வரிக்காகப் புதிய திட்டம் தொடங்கி, சார்பு நூலகங்களை, அதாவது நிரல் ஓடத் தேவையான பிற நூலகங்களை, ஒவ்வொன்றாகச் சேர்த்து முடிப்பதற்குள் பிழையைத் தேடும் ஆர்வமே வடிந்துவிடும்.

நான் செய்வது இதுதான். ஜாவா திட்டங்களைக் கட்டும் கருவியான மேவனில் சார்புகளின் பட்டியல் மட்டும் கொண்ட ஒரு வெற்றுத் திட்டம் வைத்திருக்கிறேன். மேவனின் ஷேடு செருகுநிரல் அவற்றையும், அவை சார்ந்திருக்கும் நூலகங்களையும் சேர்த்து ஒரே ஜார் கோப்பாக (ஜாவாவின் தொகுப்புக் கோப்பு) கட்டிவிடும். 2018இல் வெளிவந்த ஜாவா 11 முதல், ஒற்றை மூலக் கோப்பைத் தனியாகத் தொகுக்காமலே இயக்கலாம். ஜாவா நூலகங்களைத் தேடும் இடமான கிளாஸ்பாத்தில் அந்த ஜாரைக் குறிப்பிட்டால் சோதனை ஓடும். சக ஊழியருக்கும் இரண்டே கோப்புகளை அனுப்பினால் போதும்.

ஒரு வில்லங்கம் உண்டு. பல ஜார்களில் ஒரே பெயரில் 'சர்வீசஸ்' கோப்பு (ஒரு சேவையைத் தரும் வகுப்புகளின் பட்டியல்) இருந்தால், இணைக்கும்போது ஒன்று மட்டுமே மிஞ்சும்; தரவுத்தள இயக்கி "கிடைக்கவில்லை" என்று நிரல் அடம்பிடிக்கும். ஷேடில் சர்வீசஸ் கோப்புகளை ஒன்றிணைக்கும் மாற்றி (டிரான்ஸ்ஃபார்மர்) இருக்கிறது, அதை மறக்காமல் சேர்த்துவிடுங்கள். இது தெரியாமல் ஒரு மாலைப்பொழுதை முழுதாகத் தொலைத்திருக்கிறேன். கையொப்பமிட்ட ஜார்கள் இருந்தால், அவற்றின் கையொப்பக் கோப்புகளையும் விலக்க வேண்டும்.

'டெஸ்ட்' வரம்பில் (ஸ்கோப்), அதாவது சோதனைக்கு மட்டும் என்று, குறித்த சார்புகளை ஷேடு எடுத்துக்கொள்ளாது. சோதனை நூலகமான ஜேயூனிட்டும் உள்ளே வேண்டுமென்றால் அந்த வரம்பை நீக்கிவிடுங்கள்.