உளவியல் ஆய்வுகளை அன்றாட வாழ்வில் பயன்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உளவியல் ஆய்வு ஒன்றின் முடிவு செய்தியாகவோ காணொளியாகவோ நம்மிடம் வந்து சேர்வதற்குள், அதில் பங்கேற்றவர்கள் யார், காணப்பட்ட வேறுபாடு எவ்வளவு பெரியது, அது எதனோடு ஒப்பிட்டுச் சொல்லப்பட்டது என்ற மூன்று விவரங்களும் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகின்றன. மிஞ்சுவது "இப்படிச் செய்தால் இப்படி ஆகும்" என்ற அறிவுரை மட்டுமே. ஆய்வு பொய்யாக இருப்பதால் நேரும் ஏமாற்றத்தைவிட, ஒரு குழுவைப் பற்றிச் சொல்லப்பட்டதைத் தனி ஆளுக்கான விதியாக எடுத்துக்கொள்வதால் நேரும் ஏமாற்றமே அதிகம் என்பது என் கணிப்பு.

புதிய பழக்கம் படிய 21 நாள்கள் போதும் என்பதை எடுத்துக்கொள்வோம். இதற்கு அடியில் ஆய்வு எதுவும் இல்லை. அறுவைக்குப் பின் மாறிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள்களாவது ஆகின்றன என்று மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் 1960இல் எழுதியதே பின்னாளில் எல்லாப் பழக்கங்களுக்கும் உரிய கெடுவாகிவிட்டது. இதை மறுப்பவர்கள், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டி, சரியான கணக்கு 66 நாள்கள் என்பார்கள். உண்மையில் அந்த 66 என்பது நடுமதிப்பு மட்டுமே, அதாவது பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவாகவும் மீதிப் பேருக்கு அதைவிட அதிகமாகவும் ஆனது. கணக்கிடப்பட்ட காலம் ஆளுக்கு ஆள் 18 நாள்களிலிருந்து 254 நாள்கள் வரை வேறுபட்டது. ஆகவே 66ஆம் நாளில் பழக்கம் படியவில்லை என்று மனம் உடைபவரும், 21ஆம் நாளில் உடைபவரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். அதே ஆய்வு, இடையில் ஒரு நாள் தவறினாலும் பழக்கம் உருவாவது குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கப்படவில்லை என்றும் காட்டியது. நடைமுறைக்கு மிகவும் உதவக்கூடிய அந்தச் செய்தியை ஏனோ யாரும் பரப்புவதில்லை.

விளைவின் அளவைக் கேட்காமல் விடுவது அடுத்த தவறு. திறமை வளரக்கூடியது என்ற மனப்பாங்கை மாணவர்களிடம் விதைக்கும் ஒரு குறுகிய இணையவழிப் பயிற்சி, அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2019இல் வெளிவந்தன. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான அந்தப் பயிற்சியால், படிப்பில் பின்தங்கியிருந்தவர்களின் சராசரி மதிப்பெண் நான்கு புள்ளி அளவுகோலில் சுமார் 0.1 புள்ளி உயர்ந்தது. செலவு மிகக் குறைவு என்பதால், பல ஆயிரம் மாணவர்களுக்குப் பொறுப்பான ஒரு கல்வித்துறைக்கு இது பயனுள்ள முடிவு. ஆனால் தம் ஒரே பிள்ளை இதனால் தலைகீழாக மாறிவிடும் என்று எதிர்பார்க்கும் பெற்றோருக்கு, அதே முடிவு எந்த வாக்குறுதியும் அளிக்கவில்லை.

தொடர்பைக் காரணமாக எடுத்துக்கொள்ளும் தவறு பழையதுதான் என்றாலும், பிள்ளை வளர்ப்பில் அது செய்யும் சேதம் பெரிது என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் வால்டர் மிஷெல் நடத்திய மார்ஷ்மெல்லோ சோதனையில், கையெட்டும் தூரத்திலிருந்த மிட்டாயை உடனே தின்னாமல் காத்திருக்கும் குழந்தைக்கு இரண்டாவதும் கிடைக்கும். அதிக நேரம் காத்திருந்தவர்கள் வளர்ந்தபின் கல்வித் தேர்வில் அதிக மதிப்பெண் பெற்றதாக 1990இல் வெளியான தொடராய்வு கூறியது. அதில் மதிப்பெண் கிடைத்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு, அனைவரும் ஒரே பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் படித்தவர்கள். 2018இல் டைலர் வாட்ஸும் அவரது சக ஆய்வாளர்களும், 900க்கும் மேற்பட்ட, பல்வேறு பின்புலங்களைச் சேர்ந்த குழந்தைகளின் தரவுகளை ஆராய்ந்தபோது, அந்தத் தொடர்பு ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியது. குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல், இளவயது அறிவுத்திறன் ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்ததும் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு மறைந்தது. அதாவது காத்திருக்கும் குணம் ஓரளவுக்குக் குழந்தையின் சூழலையே காட்டிக்கொண்டிருந்தது. இதை அறியாமல், நான்கு வயதுக் குழந்தையின் முன் இனிப்பை வைத்துக் காத்திருக்கப் பழக்குவதால் அதன் எதிர்காலம் சீராகிவிடும் என்று நம்புவது வீண். பொறுமையில்லாத குழந்தையின் எதிர்காலத்தை எண்ணிக் கவலைப்படுவது அதைவிட மோசம்.

ஒரே ஓர் ஆய்வை நம்பி முடிவெடுப்பதையும் தவிர்க்க வேண்டும். உளவியலில் வெளியான 100 ஆய்வுகளைப் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து மீண்டும் நடத்தி 2015இல் வெளியிட்ட அறிக்கையில், 36 விழுக்காடு மட்டுமே முன்போலவே புள்ளியியல் முறைப்படி பொருளுள்ள, அதாவது தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத, முடிவைத் தந்தன. நிமிர்ந்து கம்பீரமாக நின்றால் ஹார்மோன்களே மாறும் என்று 42 பேரிடம் கண்ட 2010ஆம் ஆண்டின் ஆய்வு, 200 பேரிடம் மீண்டும் நடத்தப்பட்டபோது அந்த மாற்றம் தென்படவில்லை.

இவற்றைப் படித்தவர்கள் உளவியல் முழுவதும் பொய் என்று ஒதுக்கிவிடுவது, கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்குச் சற்றும் குறையாத தவறு. இடைவெளி விட்டுப் படித்தால் நினைவில் நிற்கும் என்பது ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இல் எழுதிய காலத்திலிருந்து திரும்பத் திரும்ப உறுதியாகியிருக்கிறது. ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பாடத்தை நான்கு முறை படித்த மாணவர்கள் ஒரு வாரம் கழித்து 40 விழுக்காட்டையே நினைவுகூர்ந்தனர். ஒரு முறை படித்து, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 61 விழுக்காட்டை நினைவுகூர்ந்தனர். ஆனால் தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் முதல் குழுவினரே.

ஆகவே "எனக்குப் பலித்தது" என்ற அனுபவச் சான்றையும் அப்படியே ஏற்க முடியாது. மனநிலை மிகவும் தாழ்ந்திருக்கும் வாரத்தில்தான் ஒருவர் புதிய உத்தியைத் தேடுகிறார். எதுவும் செய்யாமல் இருந்தாலும் அடுத்த வாரம் சற்றுத் தேறியிருக்கும் வாய்ப்பே அதிகம். இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களிடம் உளவியலாளர் டேனியல் கானமன் கண்டது இதுதான். நன்றாகப் பறந்தவரைப் பாராட்டினால் மறுமுறை சறுக்குகிறார், சறுக்கியவரைத் திட்டினால் மறுமுறை நன்றாகப் பறக்கிறார் என்று அவர்கள் சாதித்தனர். இரண்டுமே, மிக நல்ல முயற்சிக்கும் மிக மோசமான முயற்சிக்கும் அடுத்தது சராசரிக்கு அருகில் வருவதன் விளைவு. ஓர் உத்தியைச் சோதிக்க விரும்புபவர், தொடங்கும் முன்பே சில வாரங்களுக்குத் தம் நிலையைக் குறித்துவைத்து, உத்தியை இடையிடையே நிறுத்தியும் பார்த்தால்தான் ஒப்பீடு என்று ஒன்று கிடைக்கும்.

கற்ற கலைச்சொற்களைப் பிறர்மீது ஏவுவது, கேட்கச் சிறிதாகத் தோன்றினாலும் உறவுகளைக் கெடுக்கும் தவறு. மனிதர்கள் ஒருசார்புகளை, அதாவது ஒரு பக்கமாகச் சாயும் சிந்தனைப் பிழைகளை, தம்மைவிடப் பிறரிடமே அதிகம் காண்கிறார்கள் என்பதை எமிலி புரோனின் குழுவினர் 2002இல் காட்டினர். வீட்டுச் சண்டையில் எதிராளிக்கு ஆளுமைக் கோளாறு இருப்பதாகத் தீர்ப்பளிப்பவர், அந்தக் கோளாறின் அறிகுறிப் பட்டியலைத் தம் பக்கம் திருப்புவதில்லை. தம்மையே இணைய வினாத்தாளால் நோயாளி என்று முடிவுகட்டுவதும் இதன் மறுபக்கம்தான், ஏனெனில் அத்தகைய வினாத்தாள்களில் முறையானவைகூட, யாரை மேலும் பரிசோதிக்க வேண்டும் என்று சலித்தெடுப்பதற்காகவே உருவானவை. இரண்டு வாரங்களுக்கு மேலாக நாளின் பெரும்பகுதி நேரம் சோர்வும் நாட்டமின்மையும் நீடித்தாலோ, உயிரை விடும் எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலோ, அப்போது செல்ல வேண்டியது மருத்துவரிடம்தான். பழக்க உத்திகளைச் சோதித்துப் பார்ப்பதற்கான காலம் அது அல்ல.