பழைய கணினிப் பாகங்களைச் சேகரிக்கலாமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கணினிகளைப் பற்றிப் பேச்சை எடுத்தாலே யாராவது ஒருவர் ஆப்பிள்-1 கதையை ஆரம்பித்துவிடுவார். 1976-ல் 666.66 டாலருக்கு விற்ற வெறும் போர்டு அது. மொத்தமே சுமார் 200தான் தயாரானது. அதில் ஒன்றை 2014 ஏலத்தில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் 9,05,000 டாலர் கொடுத்து வாங்கியது. கதையைக் கேட்டவருக்கு வீட்டு மூலையில் கிடக்கும் பென்டியம் மதர்போர்டு ஞாபகம் வரும். அதற்கும் ஒரு விலை இருக்குமோ?

பெரும்பாலும் இருக்காது. பணம் பண்ணுவதற்காக என்றால் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். இடம் அடைக்கும், பார்சலில் உடையும், சும்மா வைத்திருந்தாலே கெட்டுப்போகும். பழைய இயந்திரத்தை ஓடவைத்துப் பார்க்க வேண்டும், அது எப்படி வேலை செய்தது என்று கிளறிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் தாராளமாகச் சேகரிக்கலாம். விளையாட்டும் மென்பொருளும் மட்டும் போதும் என்பவருக்கு 86பாக்ஸ், வைஸ் போன்ற எமுலேட்டர்கள், அதாவது இன்றைய கணினியைப் பழைய கணினி போல நடிக்கவைக்கும் மென்பொருள்கள், இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு மாதம் அதில் ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் கை பரபரத்தால் வாங்கலாம்.

அரிதா என்று மட்டும் பார்ப்பது

விற்பவர் "ரேர்" என்று போட்டிருப்பதில் அர்த்தமே இல்லை. கமோடோர் 64 என்ற 80-களின் வீட்டுக் கணினி ஒரு கோடிக்கும் மேல் விற்ற இயந்திரம். அரிது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் இன்றைக்கும் உடனே ஆள் கிடைக்கும், ஏனென்றால் அதில் விளையாடி வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள், உதிரி பாகம் இருக்கிறது, கையேடு இருக்கிறது. ஏதோ ஒரு தொழிற்சாலை இயந்திரத்துக்காகச் செய்த கட்டுப்பாட்டு கார்டு உலகத்திலேயே பத்துதான் மிச்சம் இருக்கலாம். கேட்பதற்கு ஓர் ஆள்கூட இருக்க மாட்டார்.

அரிது என்றால், ஏன் அரிதானது என்று கேளுங்கள். 1983-ல் 9,995 டாலருக்கு வந்த ஆப்பிள் லிசாவை எடுத்துக்கொள்வோம். அதில் இருந்த 'ட்விக்கி' என்ற இரட்டை ஃபிளாப்பி டிரைவ் சரியாக வேலை செய்யவில்லை. அடுத்த வருடம் லிசா 2 வந்தபோது பழைய டிரைவைத் திருப்பிக் கொடுத்தால் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றது ஆப்பிள். வாங்கியவர்களில் பலர் மாற்றிக்கொண்டார்கள். அதனால்தான் டிரைவ் மாறாத முதல் லிசாவுக்கு இவ்வளவு அடிபிடி. 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ5 6000 கிராஃபிக்ஸ் கார்டும் அப்படித்தான். நான்கு சிப் வைத்த அந்த கார்டு கடைக்கே வரவில்லை. 2000-ன் இறுதியில் நிறுவனமே மூட்டை கட்டியது. மிஞ்சியவை சோதனைக்காகச் செய்தவை மட்டும். இரண்டுக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது, அதைத் தேடி வருகிறவர்களும் இருக்கிறார்கள். இது இரண்டும் இல்லாத அரிய பொருளுக்கு, அரிது என்பதற்காக மட்டும் பணம் கொடுக்காதீர்கள்.

விலை பார்க்கும்போதும் கேட்கும் விலையை விடுங்கள். எத்தனைக்கு விற்று முடிந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டுக்கும் இடையே பல மடங்கு வித்தியாசம் இருக்கும்.

பெட்டியை மட்டும் வாங்குவது

எனக்குத் தெரிந்து ஆர்வலர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். பெட்டி பளபளவென்று இருக்கும், விலையும் குறைவு. கூட வர வேண்டியவை வராது.

நெக்ஸ்ட் கியூப் என்ற கறுப்புக் கனசதுரக் கணினி ஒரு நல்ல உதாரணம். அதன் பவர் பட்டன் இருப்பது கீபோர்டில். கீபோர்டு இணைவது மானிட்டரில். மானிட்டரிலிருந்து 19 பின் கொண்ட ஒரே கேபிள் கணினிக்குப் போகிறது. படம், ஒலி, மின்சாரம் எல்லாம் அதன் வழியாகத்தான். அந்தக் கறுப்புப் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் ஆன் செய்யவே தனியாக வித்தை கற்க வேண்டும்.

ஐபிஎம் பிஎஸ்/2 இன்னொரு விதம். 1987-ல் வந்த, மைக்ரோ சேனல் என்ற ஐபிஎம்மின் சொந்த வகை கார்டு ஸ்லாட் கொண்ட மாடல்களில் கார்டுகளை ஜம்பர் (போர்டில் செருகும் சின்ன இணைப்பு) மாற்றி அமைக்க முடியாது. ரெஃபரன்ஸ் டிஸ்க் என்ற ஃபிளாப்பியைப் போட்டுத்தான் அமைக்க வேண்டும். அந்த அமைப்பைக் காப்பது ஒரு சின்ன பேட்டரி. அது தீர்ந்தால் திரையில் 161 என்ற பிழை எண் வரும், டிஸ்க்கைக் கேட்கும். ஒவ்வொரு கார்டுக்கும், அது என்ன கார்டு என்று கணினிக்குச் சொல்லும் ஏடிஎஃப் என்று தனியாக ஒரு கோப்பும் வேண்டும். பொதுவான கார்டுகளுக்கு ஆர்வலர்கள் இந்தக் கோப்புகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் வாங்கியது உண்மையிலேயே அரிய கார்டாக இருந்து, அதன் கோப்பு எங்கேயும் இல்லையென்றால் முடிந்தது கதை. கார்டு பழுதில்லாமல் இருக்கும், கணினிக்கு மட்டும் அது என்னவென்று தெரியாது. ஆக, அரிது என்பது இங்கே பாதகமாகவே முடிகிறது.

வந்ததும் சுவிட்சைப் போடுவது

பார்சலைப் பிரித்ததும் பிளக்கைச் செருகத்தான் கை போகும். போகக் கூடாது.

முதலில் பின்பக்கம் 110/220 மாற்றும் சுவிட்ச் இருந்தால், உங்கள் ஊர் மின்சாரத்துக்குப் பொருத்தமாக இருக்கிறதா பாருங்கள். அப்புறம் பெட்டியைத் திறந்து பவர் சப்ளையைப் பாருங்கள். பிபிசி மைக்ரோ, ஆப்பிள் II காலத்து சப்ளைகளில் மின்சாரம் நுழையும் இடத்தில் ரிஃபா என்ற கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைத் தேக்கும் சின்ன பாகம்) இருக்கும். தேன் நிறத்தில், உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி ஓர் உறை. அந்த உறையில் மயிரிழை விரிசல்கள் தெரிந்தால் உள்ளே இருக்கும் காகிதம் ஈரத்தை உறிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். கணினி ஆன் ஆகும், நன்றாகவே ஓடும், கொஞ்ச நேரத்தில் அறை முழுக்கப் புகையும் நாற்றமும். விரிசல் தெரியாவிட்டாலும் அதை மாற்றிவிட்டே மின்சாரம் கொடுங்கள்.

கமோடோர் 64-ன் கூட வரும் பவர் சப்ளை இன்னும் மோசம். பழுது பார்க்க முடியாதபடி உள்ளே பிசின் ஊற்றி அடைத்தது. வயதானால் வோல்ட்டை 5-ல் நிறுத்தி வைக்கும் அதன் ரெகுலேட்டர் கெட்டு, அதிக வோல்ட்டை அனுப்பத் தொடங்கும். மெமரி சிப்கள்தான் முதல் பலி. இன்று மல்டிமீட்டரில் சரியாகக் காட்டியது நாளைக்கும் காட்டும் என்று சொல்ல முடியாது. புதிதாகச் செய்த சப்ளை ஒன்றை வாங்கிவிடுவதே மலிவு.

ஐபிஎம் பிசியில் நேர்மாறான கதை. ஆன் செய்தால் சத்தமே வராது, மதர்போர்டு செத்துவிட்டது என்று நினைத்து உதிரிக்கு விற்றுவிடுவார்கள். பல சமயம், துளி வடிவத்தில் இருக்கும் டான்டலம் கெப்பாசிட்டர் ஒன்று ஷார்ட் ஆகி, சப்ளை தன்னைத் தானே நிறுத்திக்கொண்டிருக்கும். அந்த ஒன்றைக் கண்டுபிடித்து மாற்றினால் எழுந்து உட்காரும்.

பழைய பிக்சர் டியூப் மானிட்டரைத் திறப்பது வேறு ரகம். அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கும். தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பேட்டரியை அப்படியே விடுவது

ஒரே ஒரு தவறை மட்டும் தவிர்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். 386, 486 மதர்போர்டுகளிலும் கமோடோரின் அமிகா 2000, 4000 போன்ற கணினிகளிலும் பீப்பாய் வடிவில் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரியைப் போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள். கணினி ஓடினாலும் சரி, பெட்டியில் தூங்கினாலும் சரி, ஒருநாள் அது கசியும். கசிந்த காரம் பக்கத்திலிருக்கும் செம்புத் தடங்களை அரிக்கும். மேலே பச்சைப் பூச்சாகத் தெரிவது கொஞ்சம்தான். பச்சை வார்னிஷுக்கு அடியில் தடம் கறுத்துப்போய், விரலளவு தாண்டி கீபோர்டு சிப்பின் சாக்கெட் வரைக்கும் போயிருக்கும்.

எனவே வாங்கிய அன்றைக்கே வெட்டி எடுங்கள். கசிந்திருந்தால் நீர்த்த வினிகரால் துடைத்துக் காரத்தைப் போக்கி, காய்ச்சி வடித்த நீரில் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து நன்றாக உலர விடுங்கள். கறுத்த தடங்களை மெதுவாகச் சுரண்டி, ஒவ்வொன்றும் தொடர்கிறதா என்று மீட்டரில் பார்த்து, அறுந்த இடத்தில் மெல்லிய கம்பி போடலாம். பொறுமை தேவைப்படும் வேலை, ஆனால் முடியாத வேலை இல்லை. ஆப்பிளின் பழைய மேக்குகளில் இருக்கும், ஏஏ பேட்டரியில் பாதி அளவுள்ள லித்தியம் பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். அது கசிந்தால் போர்டோடு இரும்பு உறையும் துருப்பிடித்துவிடும்.

சன் நிறுவனத்தின் வொர்க்ஸ்டேஷன் கணினிகளில் சிக்கல் வேறு. அங்கே பேட்டரி சிப்புக்கு உள்ளேயே இருக்கிறது, கசியாது. ஆனால் தீர்ந்தால் இயந்திரத்தின் ஈதர்நெட் (நெட்வொர்க்) முகவரியும் அடையாள எண்ணும் அழிந்துவிடும். இன்னும் உயிரோடு இருந்தால் ஆன் ஆகும்போது திரையில் வரும் அந்த எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சிப்பின் மேல்பகுதியைச் சுரண்டி வெளியிலிருந்து காசு வடிவ பேட்டரியை இணைக்கலாம்.

பேட்டரி மட்டுமல்ல, 80-களின் இறுதியிலும் 90-களின் தொடக்கத்திலும் வந்த மேக், அமிகா போர்டுகளில் சின்ன அலுமினிய கெப்பாசிட்டர்களும் கசியும். சால்டரிங் அயர்னை வைத்ததும் மீன் வாடை அடித்தால் அதுதான்.

அவசரப்பட்டுச் சுத்தம் செய்வது, டிஸ்க்கைப் படிப்பது

மஞ்சளான பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுக்கலாம். திட்டுத் திட்டாகவும் போகலாம், சில வருடத்தில் மறுபடி மஞ்சளாகவும் ஆகலாம். உள்வேலை எல்லாம் முடிந்த பிறகு யோசித்தால் போதும். சிப்பின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை அழுக்கு என்று உரிக்காதீர்கள். கண்ணாடிச் சாளரம் உள்ள ஈப்ராம் சிப்பில், அதாவது புறஊதா ஒளியால் அழிந்துவிடும் மெமரி சிப்பில், அந்த ஒளி படாமல் காப்பது அதுதான், பதிப்பு எண்ணும் அதில்தான் எழுதியிருக்கும்.

ஃபிளாப்பியை டிரைவில் தள்ளும் முன் உறையின் திறப்பைப் பாருங்கள். வட்டில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் போடாதீர்கள். அந்த டிஸ்க் கீறுவதோடு டிரைவின் ஹெட்டும் அழுக்காகி அடுத்த நல்ல டிஸ்க்கையும் கெடுக்கும். ஹார்ட் டிஸ்க் சுழன்றால் அன்றே முழுப் பிரதி எடுங்கள். மறுமுறை சுழலும் என்று உத்தரவாதம் இல்லை. அதில் முந்தைய உரிமையாளரின் கடிதங்களும் கணக்குகளும் இருக்கலாம். பிரதியை இணையத்தில் ஏற்றுவதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

பிரித்து விற்பது

இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. கமோடோர் 64-ஐவிட அதிலிருக்கும் சிட் ஒலி சிப்புக்குக் கேட்பவர் அதிகம் என்று சிப்பைப் பிடுங்கிவிடுகிறார்கள். வேறு சிப்பின் மேல் சிட் என்று அச்சடித்து விற்கும் போலிகளும் ஏராளம். பென்டியம் ப்ரோ போன்ற பீங்கான் ப்ராசஸர்களைத் தங்கத்துக்காகக் கரைக்கிறார்கள். பெரிய கணினியோடு இணைத்த பழைய டெர்மினல்களின் (திரையும் கீபோர்டும் கொண்ட முனையங்களின்) கீபோர்டு, கீபோர்டு பிரியர்களிடம் நல்ல விலைக்குப் போகிறது. மிஞ்சும் டெர்மினலுக்கு வேறு கீபோர்டு பெரும்பாலும் பொருந்தாது, ஏனென்றால் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனித்தனி இணைப்பு முறை வைத்திருந்தார்கள். விற்க வேண்டிய நிலை வந்தால் கேபிள், டிஸ்க், கையேடு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக விற்றுவிடுங்கள். மாடல் எண், போர்டின் இரு பக்கப் படம், பேட்டரி எடுத்தாயிற்றா இல்லையா என்ற விவரம் மூன்றையும் விளம்பரத்திலேயே எழுதிவிட்டால், சரியான ஆள் தானாக வந்து கேட்பார்.